ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

எங்கள் நிறுவனத்தில் வருஷத்துக்கு ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். 2041-இல் அது என் தோளில் விழுந்தது. நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஓர் இயந்திரத்தை முடிந்தவரை வேலை செய்ய விடாமல் தடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த இயந்திரத்துக்கு 'நலன்' என்று பெயர். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதன் பெட்டி ஒன்று இருக்கும். உடம்புக்கு முடியாதவர்கள் அதில் காப்பீட்டு அட்டையைக் காட்டி, கையை வைத்து, இன்ன உபாதை என்று சொல்ல வேண்டும். எங்கோ கிளவுடில் இருக்கும் நலன் அந்த உடம்பை முழுக்கக் கணக்காகக் கட்டி எழுப்பி, ஐந்து வருஷத்துக்கு ஓட்டிப் பார்த்து, 'உடனே சிகிச்சை' என்றோ 'காத்திருக்கலாம்' என்றோ சொல்லும். 'உடனே' என்று வந்தால்தான் அரசுக் காப்பீட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில். 'காத்திருக்கலாம்' என்று வந்தால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஓர் உடம்பை ஓட்டிப் பார்க்க ஏழு நிமிஷம். ஆனால் நம் ஜனங்கள் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களா? காலையில் கேட்பார்கள். மத்தியானம் சந்தேகம் வந்து மறுபடி கேட்பார்கள். சம்பந்தி ஏதாவது சொல்லிவிட்டால் சாயங்காலமும் போய் நிற்பார்கள். நலன் மூச்சுத் திணறியது. விபத்தில் அடிபட்டவர்களின் கணக்கெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கேஷ் கட்டுவது.

கேஷ் என்றால் பெரிய விஷயமில்லை. ஒருமுறை கணக்கிட்ட விடையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி மறுபடி வந்தால் எடுத்து நீட்டுவது. அதே கேள்விதானா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு சாவி வேண்டும். ஆளின் பெயரையும் அடையாள எண்ணையும் சாவியாக வைத்திருந்தால் வம்பே இல்லை. ஆனால் தனியுரிமைச் சட்டம் அந்த இரண்டையும் பொது நினைவகத்தில் வைக்கவே கூடாது என்றது. ரத்த அழுத்தம், நாடி போன்றவற்றை வைத்தாலோ மூச்சுக்கு மூச்சு மாறும். ஒரு பூட்டும் திறக்காது. எனவே மாறாத நான்கை எடுத்தேன். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அட்டையில் உள்ள பின்கோடு, உபாதை. நான்கும் பொருந்தினால் அதே ஆள், அதே வலி.

நலன் திட்டத்தின் தலைவி நிரஞ்சனா என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள், கெட்டிக்காரி. இரண்டு வெவ்வேறு ஆட்களுக்கு நான்கும் ஒத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று அன்றே கேட்டாள். நான் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். லட்சத்தில் இரண்டு பேருக்கு அப்படி நேரலாம். அவள் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு விடைக்கு ஆயுள் தொண்ணூறு நாள் என்று வைத்தேன். இடையில் யாராவது அதைக் கேட்டால் அன்றிலிருந்து மறுபடி தொண்ணூறு. அடிக்கடி கேட்கப்படும் விடைதானே தேவையான விடை, அதை எதற்குத் தூக்கி எறிய வேண்டும் என்று வாதாடினேன். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று என் அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தேன். எல்லோரும் ரசித்தார்கள்.

பொன்னாடை போர்த்திய அன்று கேண்டீனில் எனக்காகவே மிளகாய் பஜ்ஜி போட்டார்கள். ஆறு தின்றேன். என் நாக்கு அப்படி.

அந்த வாரம்தான் ஊரிலிருந்து மங்கையர்க்கரசி போன் செய்தாள். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த உலகநாதனின் மனைவி. உலகு மாரடைப்பில் போய் அன்றோடு பதினாறு நாள் ஆகியிருந்தது. காரியத்துக்கு நான் போகவில்லை. வேலை என்று சொல்லிவிட்டேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணே, பெட்டி நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. காரத்தைக் குறைங்கன்னு வேற சொல்லுச்சு. அவுக எங்கண்ணே காரம் தொட்டாக? ரசத்துக்கு மிளகு தட்டிப் போட்டாலே எந்திரிச்சிப் போயிருவாகளே."

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வைத்தேன். துக்க வீட்டில் சொல்லக்கூடிய பேச்சா அது? ஆனால் அப்போது எனக்கு அதுதான் வாயில் வந்தது. அவளும் ஆமாண்ணே என்று வைத்துவிட்டாள்.

என் கேஷ் எந்த ஊரில் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு பட்டியல் வரும். அதில் முதலிடம் ஓடைக்கரிசல் என்கிற ஊருக்கு. பெண்களின் வயிற்றுவலிக் கேள்விகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு கேஷிலிருந்தே போயிருந்தன. நலன் அங்கே ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஓர் ஊர் வாய்க்க என்ன தவம் செய்தேனோ என்று பூரித்துப் போனேன். அந்தச் சுகாதார நிலையத்துக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் அடித்து, சட்டம் போட்டு, நானே கொண்டுபோனேன். கேட்டவர்களிடம் ஊர்ப்பக்கம் போய் நாளாகிறது என்று சொன்னேன். உண்மையில் என் வெற்றியை நேரில் பார்க்க ஆசை. ரயிலில் போகும்போது போன் ஏதோ வாழ்த்துச் சொன்னது. வருஷா வருஷம் வருவதுதான், பார்க்காமலே தள்ளிவிட்டேன்.

ஓடைக்கரிசலில் கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் தகடுகள். ஒரு காலத்தில் பருத்தியும் கம்பும் விளைந்த கரிசல் காடு. தகடுகளில் படியும் தூசியைத் துடைப்பது அந்த ஊர்ப் பெண்களின் வேலை. விடியுமுன் போய்ப் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் திரும்புவார்கள். தகட்டுக் காட்டில் ஒதுங்க மறைவு கிடையாது. அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. எல்லோருக்கும் அடிவயிற்றில் வலி. இதை எனக்குச் சொன்னவர் அங்கே நர்ஸாக இருந்த ஜெசிந்தா. ஐம்பது வயதிருக்கும்; முகத்தில் சிரிப்பில்லை. சான்றிதழை வாங்கிப் படித்தார். மேஜையில் படுக்க வைத்து, அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

"பதினோரு புகார் அனுப்பிச்சேன் சார். பதினொண்ணுக்கும் ஒரே பதில்தான் வந்துச்சு. எழுத்துக்கூட மாறலை."

புகார்களுக்கான பதிலும் என் கேஷிலிருந்துதான் போகும்.

புகார் முப்பிடாதி என்கிற பெண்ணைப் பற்றியது. ஏழு மாதமாக வலி. வயிறு நாளுக்கு நாள் பெருக்கிறது, உடம்பு இளைக்கிறது. கையை வைத்துப் பார்த்தாலே கட்டி தட்டுப்படுகிறது என்றார் ஜெசிந்தா. பெட்டி மட்டும் காத்திருக்கலாம் என்கிறது. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனால் பெட்டி என்ன சொன்னது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நம்பிக்கை போய்விடக்கூடாது என்று அவள் வாரத்துக்கு இரண்டு தரம் வந்து பெட்டியைக் கேட்கிறாள்.

பத்தரைக்குப் பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள், பதினாலு பேர். எல்லோருக்கும் கிட்டத்தட்ட என் வயது. முன்னால் நின்றவள்தான் முப்பிடாதி. சேலைக்கு மேலேயே வயிறு தெரிந்தது. பெட்டியில் கையை வைத்தாள்.

"பிறந்தநாள் வாழ்த்துகள், முப்பிடாதி," என்றது பெட்டி. பிறகு, காத்திருக்கலாம் என்றது.

அடுத்தவள் வைத்தாள். அவளுக்கும் பிறந்தநாள் வாழ்த்து. மூன்றாமவளுக்கும் வாழ்த்து வந்தபோது நான் சிரித்தேன், என்ன பொருத்தம் என்று. ஐந்தாமவளுக்கும் வந்ததும் சிரிப்பு நின்றது. வரிசை முடியும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினாலு பேருக்கும் அன்று பிறந்தநாள்.

இதென்ன கூத்து என்று முப்பிடாதியைக் கேட்டேன். அவளுக்கு அது கூத்தாகவே படவில்லை.

"எங்கம்மைக்கு நான் பொறந்த தேதி தெரியாது சார். ஐப்பசி அடமழையில பொறந்தேன்னு மட்டும் சொல்லுவா. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப பெரிய வாத்தியாரு வலது கையைத் தலைக்கு மேல போட்டு எடது காதைத் தொடச் சொன்னாரு. எட்டுச்சு. அஞ்சு வயசு ஆயிருச்சுன்னு ஜூன் ஒண்ணாம் தேதின்னு எழுதிட்டாரு. இவளுக எல்லாருக்கும் அதே வாத்தியாருதான், அதே ஜூன் ஒண்ணுதான்."

பதினாலு பேரும் ஒரே வகுப்பு. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கும் ஊர், ஆகவே யாரும் வெளியூர் போகவில்லை. ஒரே தேதி, எல்லோரும் பெண்கள், ஒரே பின்கோடு, ஒரே வயிற்றுவலி. யாரோ ஒருத்திக்கு எப்போதோ கணக்கிட்ட விடையைப் பதினாலு பேருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தது என் கேஷ். முப்பிடாதி வாரம் இரண்டு தரம் கேட்டாள் அல்லவா? அவள் கேட்கக் கேட்க அந்த விடையின் ஆயுள் நீண்டுகொண்டே போனது.

என் வலது கை தானாகத் தலைக்கு மேலே போய் இடது காதைத் தொட்டது. நான் பிறந்தது கார்த்திகை மாதம். என் சான்றிதழிலும் ஜூன் ஒன்றுதான். காலையில் ரயிலில் வந்த வாழ்த்தும் அதற்குத்தான். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அதுவே பிறந்தநாள். வெளிநாட்டிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து இந்தச் சாவியைச் செய்திருந்தால், பாவம் தெரியாது என்று விட்டுவிடலாம். ஐம்பத்தெட்டு வருஷம் பொய்ப் பிறந்தநாளோடு வாழ்ந்தவன் நான். பலகையில் லட்சத்தில் இரண்டு என்று எழுதியபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

ஜெசிந்தாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் விசாரணைக்காரர் மதுரை பஸ் எப்போது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு தரமும் புத்தகத்தைப் புரட்டுவதில்லை, ஒருமுறை பார்த்ததையே சொல்வார், அதைத்தான் செய்தோம் என்றேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்று பழக்க தோஷத்தில் அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"பானை வேற வேற சார்," என்றார் ஜெசிந்தா.

முப்பிடாதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப ஏழு மாசமா இது என்னையப் பாக்கவே இல்லியா?"

நான் இல்லை என்றேன்.

அங்கிருந்தே நிரஞ்சனாவைப் பிடித்தேன். ஐந்து நிமிஷத்தில் அவளும் தேடிப் பார்த்துவிட்டாள். மாநிலம் முழுக்க ஜூன் ஒன்று, மே பதினைந்து என்று வாத்தியார்கள் கொடுத்த பிறந்தநாள்களில் ஒன்பது லட்சம் விடைகள். அத்தனையையும் இப்போதே அழித்துவிடலாம் என்றேன்.

"பாண்டியன் சார், அழிச்சீங்கன்னா ஒன்பது லட்சம் பேரும் ஒரே நேரத்துல நலன் வாசல்ல வந்து நிப்பாங்க. அது படுத்துரும். இப்ப உள்ள இருபது ஆக்சிடென்ட் கேஸ் ஓடிக்கிட்டு இருக்கு. அவங்களை என்ன பண்றது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. கேஷ் என்கிற சுவரைக் கட்டியதே நான்தான்; சுவரை ஒரேயடியாக இடித்தால் வெள்ளம் யாரை அடிக்கும் என்று எனக்கும் தெரியும். பின்கோடு பின்கோடாக, நாளுக்கு நாற்பதாயிரம் வீதம் அழிப்பது என்று முடிவாயிற்று. இருபத்து மூன்று நாள் ஆகும். ஓடைக்கரிசலை மட்டும் அப்போதே அழிக்க அனுமதி வாங்கினேன். அந்த மூன்று வாரத்தில் வேறு எந்த ஊரில் எந்த முப்பிடாதி காத்திருக்கிறாளோ என்ற நினைப்பை இருவரும் வெளியே சொல்லவில்லை.

விடையை அழித்து, அந்த ஊருக்கு மட்டும் கேஷையே நிறுத்தி வைத்தேன். பதினாலு பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். இந்த முறை ஒவ்வொருத்திக்கும் ஏழு நிமிஷம் ஆனது. முப்பிடாதியை முதலில் நிற்கச் சொன்னேன். அந்த ஏழு நிமிஷமும் அவள் கையை எடுக்கவே இல்லை. உடம்பை அளந்து அளந்து அனுப்பிக்கொண்டிருந்த பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இவ்வளவு நாளாக அந்தச் சத்தமே வந்ததில்லை என்று ஜெசிந்தா சொன்னார். உடனே சிகிச்சை என்று வந்தது. மற்ற பதின்மூன்று பேருக்கும் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னது. குடித்தால் எங்கே போய் ஒதுங்குவது என்று ஒருத்தி கேட்டாள்.

இரண்டாம் நாள் திருநெல்வேலியில் அறுவை நடந்தது. கருப்பையோடு சேர்த்து வேறு சிலவற்றையும் எடுக்க வேண்டியிருந்தது. நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். முப்பிடாதி இருக்கிறாள். எத்தனை நாளுக்கு என்று பெட்டியிடம் கேட்க மாட்டேன், அது என்னைப் பார்க்காமலே சொன்னாலும் சொல்லும் என்கிறாளாம். ஜெசிந்தா போனில் சொன்னார். அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சென்னைக்குத் திரும்பியதும் இரண்டு வேலை செய்தேன். சாவியை மாற்றிக் கைரேகையிலிருந்து பிறக்கும் ஓர் எண்ணைச் சேர்த்தேன். அந்த எண்ணிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று நிரூபித்துக் காட்டியதும் சட்டக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதலிலேயே இதற்கு மெனக்கெட்டிருக்கலாம். நான்கு போதும் என்று எனக்கு அப்போது மிதப்பு. இரண்டாவது, ஒவ்வொரு விடைக்கும் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'இது இப்போது உங்களுக்காகக் கணக்கிடப்பட்டது' என்றோ, 'இது முன்பு கணக்கிட்ட விடையின் நகல்' என்றோ வரும். ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று நிறுவனத்தில் முணுமுணுத்தார்கள். பயப்படட்டும் என்று நிரஞ்சனா கையெழுத்துப் போட்டாள்.

சாதாரண உபாதைகளின் விடைகளைப் புரோகிராமே அழித்தது. ஆபத்தான உபாதைகளுக்கு மட்டும் ஒவ்வொரு விடையையும் ஆளே திறந்து, எப்போது யாருடைய கருவியிலிருந்து கணக்கிடப்பட்டது, எங்கிருந்து எத்தனை தரம் கேட்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு அழிக்க வேண்டும். அந்த வேலையை நானும் சேர்ந்து பத்துப் பேர் பிரித்துக்கொண்டோம். என் சொந்த ஊரின் பின்கோட்டைக் கடைசியில் வைத்திருந்தேன். ஊர்க்காரன் என்று முன்னால் இழுத்துக்கொண்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது பாருங்கள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அது வந்தது. ஜூன் ஒன்று, ஆண், என் ஊர்ப் பின்கோடு, நெஞ்சுவலி. சென்ற வருஷம் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, பிற்பகல் மூன்று இருபதுக்கு, ஒரே ஒருமுறை கணக்கிடப்பட்டிருந்தது. கணக்கிடக் கேட்ட கருவி சென்னையில், எங்கள் நிறுவனத்தில், ஆறாவது மாடியில் இருந்தது.

ஆறாவது மாடியில் ஜன்னலோரம் என் இடம். ஆகஸ்ட் பன்னிரண்டு எனக்கு நினைவிருக்கிறது. மத்தியானம் கேண்டீனில் மிளகாய் பஜ்ஜி. மூன்று மணிக்கு நெஞ்சு எரிந்தது, பயந்துபோய் மேஜையிலிருந்த பரிசோதனைப் பெட்டியில் அட்டையைக் காட்டிக் கையை வைத்தேன். என் ஓட்டும் ரேஷன் அட்டையும் இன்னும் ஊரில்தான் இருக்கின்றன. நாற்பது வருஷமாகச் சென்னையில் இருந்தாலும் முகவரியை மாற்ற மனம் வரவில்லை. அதனால் காப்பீட்டு அட்டையிலும் ஊர்ப் பின்கோடு.

விடையைத் திறந்தேன். 'நெஞ்சில் ஒன்றுமில்லை. காத்திருக்கலாம். காரத்தைக் குறைக்கவும்.'

அதற்குப் பிறகு அது நாற்பத்தொரு தரம் படிக்கப்பட்டிருந்தது. எல்லாம் ஊர்ச் சுகாதார நிலையத்திலிருந்து. கடைசியாகப் படித்தது ஏப்ரல் இருபத்தேழு, காலை எட்டு ஐம்பது. அன்று பத்து மணிக்கு உலகு போய்ச் சேர்ந்ததாகத்தான் எனக்குச் செய்தி வந்தது.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று வாத்தியார் எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் நிற்க வைத்தார். உலகுவுக்குக் கை எட்டவில்லை. தலையைச் சாய்த்துத் தொட்டுவிடு என்று காதோரம் சொல்லிக் கொடுத்தவன் நான். தொட்டுவிட்டான்.

அழிக்கும் பொத்தானை அழுத்தாமல் மங்கையர்க்கரசிக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு நேரமானது.

"மங்கை, காரத்தைக் குறைக்கச் சொன்னது உலகுவை இல்லம்மா. என்னைத்தான்."

கேஷ், சாவி, ஜூன் ஒன்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் பார்த்தேன். முடித்த பிறகு அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவுகளுக்கு என்ன சொல்லியிருக்கும்ணே?" என்று கேட்டாள்.

நாற்பத்தொரு தரம் கேட்டிருக்கிறான். அந்தக் கணக்கை யாரும் போடவே இல்லை.